ஆற்று மணலில் ரோமாபுரி

சுங்கை ஊடாங் வட்டாரத்துப் பழைய தோட்டக் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளைத் துழாவினால், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த சதுர ஒரு காசு அகப்படலாம். தாத்தா காலத்துச் சல்லி என்று பத்திரப்படுத்தியிருப்பார்கள். நாணயம் சேர்க்கும் ஆசை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்த ஆசை சற்று முற்றியவர்கள் நாடும் காசுகளுள் ஒன்று ரோமாபுரியின் நினைவு வெண்கலக் காசு. கி.பி. 330-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகரான கான்ஸ்டான்டினோபிளைத் திறந்து வைத்தார். அதையொட்டி இரு வகைக் காசுகள் வெளிவந்தன. ஒன்றில் தலைக்கவசம் அணிந்த ரோமாதேவி. பின்புறம் ரோமுலஸ், ரீமஸ் என்னும் இரட்டையருக்குப் பாலூட்டும் பெண் ஓநாய், மேலே இரு விண்மீன்கள். மற்றொன்றில் புதிய நகரமே பெண்ணுருவில் காட்சி தருகிறது. பின்புறம் கப்பல் முனையில் கால் பதித்த வெற்றித் தேவதை. இரண்டிலும் பேரரசரின் பெயர் இல்லை! நகரங்களின் பெயர் மட்டுமே உண்டு. அடியில் உள்ள சிற்றெழுத்துகள் எந்த அச்சுச்சாலையில் அடித்தது என்பதைச் சொல்லும். நம் விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, இரண்டு கிராம் அளவிலான சில்லறை அது.

இச்சில்லறை கடல் கடந்தும் வந்தது. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளில் ஓநாய்க் காசும் உண்டு. அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலிகளும் அங்குக் கிடைத்துள்ளன. தமிழகத்திலோ கரூரின் அமராவதி, மதுரையின் வைகை, திருக்கோவிலூரின் பெண்ணை ஆகிய ஆறுகளின் படுகைகளில் ரோமச் செப்புக் காசுகள் அகப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் பொன்துகளுக்காக மணலை அரிப்பவர்கள் கையில் சிக்கியவை பல. தேய்ந்து, எழுத்தழிந்த செம்பை யார் மதிப்பார்? எடைக்குப் போட்டிருந்தால் உருகிப் பாத்திரமாகியிருக்கும்.

அவற்றைத் தேடித் திரட்டியவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அம்மூன்று ஊர்க் காசுகளையும் பற்றி 1994-இல் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். 2021-இல் மறைந்த அவரது பணியில் என்னை ஈர்ப்பது ஒன்றுதான்: எந்த ஊரில் கிடைத்தது என்பதை அவர் விடாமல் குறித்தார். ஓநாய்க் காசு ஐரோப்பாவில் ஏராளம், விலையும் அதிகமில்லை. ஆனால் ஆற்றின் பெயரோடு வரும் ஒரு தேய்ந்த காசு, நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளிலும் நம் முன்னோருக்கு மேற்குலகோடு தொடர்பு நீடித்ததற்குச் சாட்சி. பெயரை இழந்தால் அது வெறும் செம்பு.

நமக்கும் இது அந்நியமான செய்தியன்று. 1900-இல் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தருகே தோண்டியபோது போர்த்துகீசியர் காலத்து வெள்ளீயக் காசுகள் வெளிப்பட்டன. இடம் தெரிந்ததால்தான் அவை மலாக்காவின் காசுகள் என்று பேசுகிறோம்.

தமிழகம் சுற்றச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு சொல். நூறாண்டு கடந்த காசு இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுவர முடியாது. கோயில் வாசலில் 'ரோமக் காசு' என்று நீட்டினால் வாங்க வேண்டாம். பெரும்பாலும் அது போலியாகவே இருக்கும். அசலாக இருந்தால் வில்லங்கம் இன்னும் பெரிது.