இறக்கத்தில் பெட்ரோல் குடிப்பது எது?

அன்னூரிலிருந்து கிளம்பினால் மலைக்கு இரண்டு வழி. மேற்கே மேட்டுப்பாளையம் போய்க் குன்னூர் ஏறலாம். வடகிழக்கே புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் ஏறலாம். ஏறும்போது பெட்ரோல் கரையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இறங்கும்போதுதான் பேச்சு பிரிகிறது. "கியர்ல விட்டா இன்ஜின் கத்துதுங்க, எண்ணெய் குடிக்கும். நியூட்ரல் போட்டு உருட்டிட்டா மிச்சமுங்க" என்று பல வருடம் வண்டி ஓட்டியவர்களே சொல்வதுண்டு. இன்றைய கார்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

இறக்கத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது, சத்தமும் போடுகிறது. ஆனால் அதைச் சுற்ற வைப்பது பெட்ரோல் இல்லை, சக்கரம். சரிவில் உருளும் சக்கரம் கியர்பாக்ஸ் வழியாக இன்ஜினைச் சுழற்றுகிறது. கால் எடுபட்டதையும் சுற்று போதுமான அளவு இருப்பதையும் இன்ஜினின் கணினி கவனித்து, இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே போகும் பெட்ரோல் பூஜ்யம். சுற்று 1,200, 1,500 என்று இறங்கும்போதுதான், இன்ஜின் அணைந்துவிடாமலிருக்க மறுபடி ஊற்றத் தொடங்கும். அப்போதைக்கப்போது மைலேஜ் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால் எடுத்த ஓரிரு நொடியில் கோடு கடைசி வரை தாவி நிற்கும். கிளட்சை மிதித்ததும் சடாரெனக் கீழே வரும்.

நியூட்ரலில் அந்த இணைப்பு அறுந்துபோகிறது. இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெட்ரோல் வேண்டும். சிறிய கார் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகும். ஏசி போட்டிருந்தால் இன்னும் கூடும். கியரில் இறங்கும்போது அந்த ஏசியையும் சக்கரமே சுழற்றிக்கொடுக்கிறது.

பழைய ஓட்டுநர்களின் சொல்லில் காரணமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1983-இல் வந்த மாருதி 800 கார்புரேட்டர் வண்டி. அதில் ஊற்றலை நிறுத்தக் கணினி கிடையாது. கால் எடுத்தாலும் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றோடு கொஞ்சம் பெட்ரோலும் போய்க்கொண்டே இருக்கும். சுற்று கூடினால் அதுவும் கூடும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் கார்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பழக்கம் மட்டும் மாறவில்லை. டீசலுக்கோ அந்தக் காலத்திலேயே இந்தக் கவலை தேவைப்படவில்லை. கால் எடுத்துச் சுற்று ஏறினால், பழைய டீசல் பம்பில் இருந்த கவர்னரே ஊற்றலை நிறுத்திவிடும்.

பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் எப்படி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது? கால் எடுத்ததும் காற்று நுழையும் வாயில் ஏறக்குறைய அடைபடுகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் மூடிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். அந்தக் கனத்தைத்தான் பிஸ்டன் ஒவ்வொரு இழுப்பிலும் தாங்குகிறது. உள் உராய்வும் இதோடு சேர்கிறது. டீசலில் இப்படி அடைபடும் வாயில் பெரும்பாலும் இல்லை, பிடிப்பும் குறைவு. அதனால்தான் பஸ், லாரிகளில் புகை போகும் வழியை மறிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

பெட்ரோலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பிடிப்புதான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300-க்குச் சற்று மேல். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த 1,500 மீட்டரை இறங்கும்போது விடுபடும் சக்தி, அரை லிட்டருக்கும் கூடுதலான பெட்ரோலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும். நியூட்ரலில் இறங்குபவர் அந்த மீதி முழுவதையும் பிரேக் மேல் ஏற்றுகிறார். பேடு கருகும் நாற்றம் வரும். பிறகு பிரேக் ஆயில் கொதித்து, மிதி பஞ்சுபோல உள்ளே போகும். சாவியையே அணைத்து இறங்குவது இதைவிட மோசம். இரண்டு மூன்று மிதியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கணினி ஊற்றலை நிறுத்திய பிறகு இரண்டாவது கியரானாலும் நான்காவதானாலும் பெட்ரோல் செலவு ஒன்றுதான்.

சமதரைக் கணக்கு கொஞ்சம் வேறு. அவிநாசி ரோட்டில் தூரத்தில் வேகத்தடை தெரிந்தால், கியரிலேயே காலை எடுத்துவிடுங்கள். அதுவரை போகும் தூரம் இலவசம். நிற்கத் தேவையில்லாத இடத்தில் அடிக்கடி கால் எடுத்தால் வேகம் விழும். அதை மறுபடி ஏற்றப் பெட்ரோல் போகும். அங்கே காலை ஒரே நிதானத்தில் வைத்திருப்பதே மைலேஜ். சிக்னலில் நிற்க ஒவ்வொரு கியராகக் குறைத்து வரவும் அவசியமில்லை. பிரேக் பேடு மாற்றுவது, கிளட்ச் மாற்றுவதைவிட மலிவு.

மின்சாரக் காருக்கு இறக்கம் வரவு. மோட்டாரே வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆனால் மலை உச்சியிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டால் அதை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. முதல் சில வளைவுகளில் மோட்டாரின் பிடிப்பும் குறையும். குன்னூரிலோ ஊட்டியிலோ தங்கிவிட்டு இறங்குபவர்கள் 90 சதவீதத்துக்குள் சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது.