கூரைக்குள் ஒளிந்த நீர்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோடைக்காலத்தில் பிரயாணம் செய்பவர்கள், சிறிய கார் ஒன்றின் பின்னால் தாழ்ந்த தட்டையான பெட்டி ஒன்று இழுபட்டுச் செல்வதையும், மாலையில் ஏதேனும் ஒரு காட்டோர முகாமில் அதே பெட்டியின் மூடி, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மேலே எழும்பி, இருபுறமும் படுக்கைகள் நீண்டு, கித்தான் சுவர்கள் விரிந்து, ஒரு குடும்பம் உறங்கத்தக்க சிறு வீடாகிவிடுவதையும் கண்டிருக்கக்கூடும். 'பாப்-அப் கேம்பர்' என்பது அதன் பெயர். 1968ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்தில் லாயிட் பான்டிரேகர் என்பவர் தம் பண்ணையின் கோழிக்கொட்டகைகளில் தொடங்கிய ஜேகோ நிறுவனம், இவ்வாறு கூரையைத் தூக்கும் பொறியமைப்பையே மூலதனமாகக் கொண்டு எழுந்ததுதான்.

புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள்; பழையதில் பெரும்பாலும் கூரை ஒழுகுகிறது. காரணத்தை அறிய அக்கூரையின் அமைப்பைச் சற்றே கவனிக்க வேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகை உட்கூரையாக அமைய, அதன்மேல் மரச்சட்டங்களும் அவற்றின் இடைவெளிகளில் நுரைப் பலகையும் பரப்பப்பட்டு, எல்லாவற்றையும் மேலே ஓர் அலுமினியத் தகடு போர்த்தியிருப்பதே பல வண்டிகளின் கூரை. 3 மீட்டர் நீளமுள்ள அத்தகடு, 50 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும் ஸ்வபாவமுடையது. மரம் அவ்வளவு அசைவதில்லை. ஆகவே, இரண்டையும் பிணைக்கும் திருகுகளைச் சுற்றியும், ஓரப் பட்டைகளின் அடியிலும், 14 அங்குலச் சதுரமான காற்றுத் திறப்பின் விளிம்பிலும் பூசியிருந்த பசை ஆண்டுக்கு ஆண்டு இழுபட்டு, உலர்ந்து, இறுதியில் வெடிக்கிறது. குளிர்காலத்தில் அவ்வெடிப்பினுள் தேங்கிய நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துப் பிளவை இன்னும் அகலப்படுத்துகிறது.

உள்ளே நுழைந்த நீர் நுழைந்த இடத்திலேயே சொட்டினால் இந்தக் கட்டுரைக்கே அவசியமிராது. அது சட்டத்தைப் பற்றிக்கொண்டு சாய்வு போகும் திசையில் ஊர்ந்து, வேறொரு மூலையில் பழுப்புக் கறையாகத் தலைகாட்டும். சொந்தக்காரரோ கறைக்கு நேர் மேலே சிலிக்கான் பசையைப் பிதுக்கிவிட்டு நிம்மதியடைவார். பழைய வண்டிகளுக்கு மழையைவிட அந்தச் சிலிக்கான் குழாய்தான் பெரிய சத்துரு என்பது என் அபிப்பிராயம். அதன் மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது; அடுத்து வருகிறவர் அதைத் துளித் துளியாகச் சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை இழந்து, தாமும் அதையே பூசிவிடுகிறார்.

ஒழுகும் இடத்தைக் கண்டறிய ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றவர் தோட்டக் குழாயால் மெதுவாக நீர் விட வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒரு பகுதியைச் சில நிமிஷங்கள் நனைத்த பிறகே மேற்பகுதிக்குச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்பது விளங்காமற் போகும்.

அதன்பின் ஓரப் பட்டைகளையும் காற்றுத் திறப்பின் சட்டத்தையும் கழற்றி மரத்தைப் பார்க்கும் நேரம் வருகிறது. கூரையின் கீழே கையை நீட்டுமுன் நான்கு மூலைகளிலும் உறுதியான மரத்தாங்கிகள் நிறுத்துவது அவசியம்; ஈரத்தில் ஊறிக் கனத்த கூரையைத் தூக்கும் கம்பிவடம் நைந்துபோயிருக்கலாம். கூரைமேல் ஏறுவதும் கூடாது. திருப்புளியின் நுனி புகும் மரத்தை வெட்டி எறிந்து புதிய மரம் சேர்க்க வேண்டும். மேலோட்டமாக மட்டும் மென்மையுற்ற பகுதி நன்கு உலர்ந்தபின் எபாக்ஸியை ஊறவிட்டால் இறுகும். இந்த உலர்த்தல்தான் எவருக்கும் பிடிக்காத வேலை. ஈரத்தின்மேல் மூடப்பட்ட கூரையில் பூஞ்சை தன் காரியத்தைத் தொடர்ந்து நடத்தும் என்பதால், பல நாட்களானாலும் திறந்தே வைத்திருப்பது உத்தமம்.

மீண்டும் பூட்டும்போது, பழைய பசை முற்றும் நீக்கித் துடைத்த பரப்பில், என்றும் இறுகிக் கல்லாகாத பியூட்டைல் நாடாவை ஒட்டி, பட்டையை அதன்மேல் வைத்துச் சிறிது சிறிதாகத் திருகினால், மிகுதி ஓரங்களில் பிதுங்கி வரும். அதைச் சீவிவிட்டு, கூரைக்கென்றே விற்கும் பசையைத் திருகுகளின் தலைமீதும் விளிம்பின்மீதும் இட வேண்டும். தானே பரவி மட்டமாகும் பசை சமதளத்துக்கு மட்டுமே உகந்தது. செங்குத்தான பக்கத்தில் அது வழிந்தோடிவிடும். சில நாள் கழித்து மறுபடியும் குழாய் நீரால் பரீக்ஷை செய்து பார்க்கலாம்.

இவ்வளவு சிரமமும் வேண்டாமென்று நினைப்பவர்கள், பணம் கொடுக்குமுன் கூரையை உயர்த்தச் சொல்லி, உட்புறத்து நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இன்று தூக்க முடியாது, கைப்பிடி எங்கோ கிடக்கிறது என்று விற்பவர் சமாதானம் சொன்னால், மறுபேச்சின்றி வீடு திரும்பிவிடுங்கள்.