வெப்சைட் செய்யக் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

நம் வணிகப் பெருமக்கள் பலர் கடைக்கு வெப்சைட் போட்டுவிட்டார்கள். மளிகைச் சிட்டை வீட்டிலிருந்தே வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கண் பார்வை இல்லாதவர்களும் செல்போனில் சரக்கு வாங்குகிறார்கள் என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம்.

அவர்கள் எப்படி வாங்குகிறார்கள்? ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்றொரு வசதி உண்டு. விரல் வைத்த இடத்தில் உள்ள எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். நாமோ விலைப்பட்டியலைப் போட்டோ பிடித்து அப்படியே ஏற்றிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் துவரம் பருப்பு விலை அதற்குச் சரியாக அகப்படாது. கூடைப் படம் போட்ட பட்டனுக்குப் பெயர் கொடுக்காவிட்டால் "பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். வாங்க வந்தவர் சண்டைக்கு வரமாட்டார். பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். வியாபாரம் போனதே நமக்குத் தெரியாது.

வெப்சைட் செய்யும் தம்பிமார்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் கேட்பதைத்தான் செய்கிறார்கள். நாம் கேட்பதெல்லாம் கலர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதானே! ஆகவே முன்பணம் கொடுக்குமுன் பேசிவிட வேண்டும். விலை எழுத்தாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் பட்டனுக்கும் பெயர் எழுதட்டும். இருப்பு இல்லை என்பதைச் சிவப்பில் மட்டும் காட்டாமல் எழுத்திலும் போடட்டும். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஆர்டர் முடிய வேண்டும். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம்; கண்புரை விழுந்த நம் வயதுக்காரர்களுக்கும் அது தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று 2008இல் வந்த உலக வழிகாட்டி விதிகளே சொல்கின்றன. தொடக்கத்திலேயே சொன்னால் செலவு அதிகமில்லை; கட்டிய சுவரை இடித்துக் கதவு வைப்பதுதான் செலவு.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம் மீது பார்வையற்றோர் 2006இல் வழக்குப் போட்டனர். 2008இல் 60 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது.

வேலை முடிந்ததும் பாக்கிப் பணத்தை எண்ணுமுன் டாக்பேக்கைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிலோ பருப்பு ஆர்டர் செய்து பாருங்கள். ஒரு தட்டுக்குப் படிக்கும், இரண்டு தட்டுக்குத்தான் திறக்கும். பழைய வெப்சைட் வைத்திருப்பவர்கள் முதலில் விலைப்பட்டியலை எழுத்தாக மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.