இருமுறை கடல் கடந்த சிவிங்கி

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் குவாலியரில் வந்து இறங்கியபோது, ஆப்பிரிக்கச் சிவிங்கி இந்திய மண்ணை மிதிப்பது அதுவே முதல்முறை என்று பலரும் எண்ணினோம். அப்படியல்ல. 1918-க்கும் 1945-க்கும் இடையில் ஏறக்குறைய 200 சிவிங்கிகள் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்திருக்கின்றன. வரவழைத்தவை கோலாப்பூர், பாவ்நகர் போன்ற சமஸ்தானங்கள். வெளிமான் வேட்டைக்குப் பழக்க உள்நாட்டில் சிவிங்கி கிடைக்கவில்லை என்பதே காரணம்.

அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்ததாகச் சொல்வார்கள். கட்டி வளர்த்தால் அவை குட்டி போடுவது மிக அரிது; ஜஹாங்கீர் காலத்தில் ஒருமுறை போட்டதை அதிசயமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் காட்டிலிருந்தே பிடித்துவர வேண்டியிருந்தது. பிடித்ததைப் பழக்கி மாட்டுவண்டியில் ஏற்றுவார்கள். கண்ணை மறைத்த தோல் குல்லாயை மான் கூட்டத்தை நெருங்கிய பிறகே கழற்றுவார்கள். சிவிங்கி மானை வீழ்த்தியதும், பழக்கியவர் ஓர் அகப்பையில் இரத்தத்தைப் பிடித்து நீட்டுவார். நக்கிக்கொண்டிருக்கும்போதே குல்லாய் மறுபடி கண்ணுக்கு ஏறிவிடும். இப்படி அவை அருகிவிட்ட நிலையில், 1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். 1952-இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது.

இன்று குல்லாய் இல்லை. கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை இருக்கிறது. அன்று மன்னர்கள் வேட்டைக்காக வரவழைத்தார்கள். இன்று நாடுகளின் அரசுகள் இனம் பெருக ஒப்பந்தம் செய்கின்றன. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா 12 சிவிங்கிகளைத் தந்தது. அந்த ஆண்டு மழைக்காலம்தான் கடுமையான சோதனை. தெற்கு ஆப்பிரிக்காவில் ஜூன் மாதம் குளிர்காலம். அந்தக் கணக்கிலேயே சில சிவிங்கிகளுக்கு இங்கும் ரோமம் அடர்ந்தது. அடர்ந்த ரோமத்தில் மழை ஈரம் தங்கியது. பட்டைக்கு அடியில் புண்ணாகிப் புழு வைத்தது. தொற்று இரத்தத்தில் கலந்து சில இறந்தன.

இழந்தது வேறொன்றும் உண்டு. 1970-களில் இரானிடம் ஆசியச் சிவிங்கியைக் கேட்டு இந்தியா பேசிக்கொண்டிருந்தது. அந்நாட்டு மன்னர் ஷாவின் ஆட்சி கவிழ, பேச்சும் நின்றது. இன்று அந்த இனம் இரானில் மட்டும், மிகச் சொற்பமாக எஞ்சியிருக்கிறது. நம் புல்வெளிகளில் ஓடியது அது. மத்தியப் பிரதேசத்தில் சிவிங்கிகளைக் குடியேற்றிய குனோ தேசியப் பூங்காவில் இப்போது ஓடுவது அதன் ஆப்பிரிக்கத் தாயாதி.

குனோவும் வெறும் காடாக இருந்ததில்லை. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த 24 கிராமங்களை வெளியே குடியமர்த்தினார்கள்; பெரும்பாலோர் சஹாரியா பழங்குடியினர். சிங்கங்களை அனுப்பச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. இதற்கிடையே 2023 ஏப்ரலில் மைசூருவில், சிவிங்கி உட்பட ஏழு பெரும்பூனை இனங்களைக் காக்க ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. நாடுகள் கூடிப் பேசும் அத்தகைய மேடைகளில் சஹாரியா மக்களுக்கும் ஓர் இடம் போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2023 மார்ச்சில் குனோவில் நான்கு குட்டிகள் பிறந்தன. மூன்று, மே மாத வெயிலில் இறந்தன. எஞ்சிய பெண் குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாததால் வனத்துறையினரே வளர்த்தார்கள். முகி என்று பெயர். 2025 நவம்பரில் முகி ஐந்து குட்டிகளை ஈன்றது.