இறைவன் எடுத்துக் கொடுத்த சொல்

மாசி மகத்தன்று மலாக்கா செங் சன்னாசிமலை ஆண்டவர் திருவடியை நாடிச் செல்லும் மெய்யன்பர்களுள் மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. வழிபாட்டின் நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்து பாடல்களை ஓதுவது சைவ ஆலயங்களின் மரபு. இதனைப் பஞ்சபுராணம் என்பர். முருகன் சந்நிதியாயின் திருப்புகழும் உடன் சேரும். இவ்வரிசையில் முதலில் நிற்கும் தேவாரத்திற்கும் ஐந்தாவதாக வரும் பெரியபுராணத்திற்கும் உள்ள உறவு வெறும் வரிசை உறவன்று. ஒரு நூலில் பிறந்த சொற்றொடர், வரிசை குலையாமல் மற்றொரு நூலுக்குள் குடிபுகுந்த உறவு அது.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தனர். அவர்களை வணங்காமல் ஒருவாறு ஒதுங்கிச் சென்ற சுந்தரர்மீது விறன்மிண்டர் சினங்கொண்டார். அப்போது தியாகராசப் பெருமானே ‘தில்லைவாழ் அந்தணர்’ என்று அடியெடுத்துக் கொடுத்து அடியார்களைப் பாடப் பணித்தான் என்பது வரலாறு. அவ்வாறு எழுந்த திருத்தொண்டத் தொகையில் பாடல்கள் பதினொன்றே. நம்பியாண்டார் நம்பி அப்பதினொன்றையும் 89 செய்யுள் கொண்ட திருத்தொண்டர் திருவந்தாதியாக விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அதனை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களாலான பெரியபுராணமாக்கினார்.

பெரியபுராணத்தின் பொருளடக்கத்தை முதன்முறை புரட்டும் அன்பர் சற்றே திகைப்பது இயல்பு. இலைமலிந்த சருக்கம், வம்பறா வரிவண்டுச் சருக்கம், கடல்சூழ்ந்த சருக்கம் என்றெல்லாம் தலைப்புகள் காணப்படும். வண்டுக்கும் நாயன்மார் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? வண்டைப் பற்றிய செய்தியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். திருத்தொண்டத் தொகையின் ஒவ்வொரு பாடலும் எச்சொற்களால் தொடங்குகிறதோ, அச்சொற்களையே சேக்கிழார் தம் சருக்கங்களுக்குப் பெயராக இட்டார். தொடக்கத்தில் திருமலைச் சருக்கமும் முடிவில் வெள்ளானைச் சருக்கமும் சேர்த்துப் பதின்மூன்று சருக்கங்கள். இடையிலுள்ள பதினொன்றின் பெயர்களும் சுந்தரர் வாய்ச்சொற்களே. மூல நூலை மனப்பாடம் செய்தவர்க்கு விரிநூலில் வேண்டிய இடத்தைக் காண வேறு அட்டவணை தேவையில்லை. அச்சுப்பொறியும் பக்க எண்ணும் இல்லாத காலத்தில் இதனினும் சிறந்த ஏற்பாடு எது?

தொடர் மாறாதிருப்பினும் பொருள் மாறுவதுண்டு. சுந்தரர் ‘பொய்யடிமை இல்லாத புலவர்’ என்று ஒரு திருக்கூட்டத்தாரைப் போற்றுகிறார். கபிலர், பரணர், நக்கீரர் முதலிய சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரையே அது குறிக்கும் என்பது நம்பியின் கொள்கை. சேக்கிழாரோ பெயர் எவற்றையும் சுட்டாமல், சிவபெருமானையன்றிப் பிறரைப் பாடாத புலவர் எனப் பொதுவாக உரைத்தார். ஒருவர் அத்தொடரை ஒரு காலத்துப் புலவர்க்கு உரியதாக்க, மற்றவர் எக்காலத்துக்கும் திறந்துவைத்தார். இவ்விடத்தில் சேக்கிழார் பக்கம் சாய்வதே அடியவர்க்கு உவப்பாயிருக்கும்.

திருப்புகழின் கதையோ வேறு. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடியவை பதினாறாயிரம் என்பது செவிவழிச் செய்தி. கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமே. அவையும் கிடைக்கக் காரணம் ஒரு வழக்கு! 1871-ஆம் ஆண்டளவில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாகத் தில்லை மூவாயிரவரின் பெருமையைப் பேசும் திருப்புகழ்ப் பகுதியொன்றைக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர் என்பர். அங்குப் பணியிலிருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளையின் நெஞ்சை அச்சொற்கள் பற்றிக்கொண்டன. இத்தகைய பாடல் இன்னும் எத்தனை உள்ளனவோ என்று ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடலானார். திருப்புகழின் முதற்பகுதி 1894-இல் அச்சேறியது. சுந்தரர் நாவில் முதலிடம் பெற்ற அதே தில்லையந்தணர் கூட்டம், நூற்றாண்டுகள் பல கழிந்தபின் திருப்புகழ் அச்சேறவும் வாயிலாயிற்று.

அவருடைய மைந்தர் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை தந்தையினும் ஒருபடி மேற்சென்றார். தேவார ஒளிநெறி, திருவாசக ஒளிநெறி, திருக்கோவையார் ஒளிநெறி என்னும் நூல்களில் எந்தச் செய்தி, எந்தச் சொல் எப்பாட்டில் வருகிறது என்பதைத் தலைப்பு வாரியாக அகரவரிசையில் தொகுத்து வைத்தார். கணிப்பொறி எட்டிப் பார்க்காத நாளில், ஒரு தனிமனிதர் ஆற்றிய தொண்டு இது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984 முதல் வெளியிட்ட, தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் 2007-இல் கணினி வடிவமும் பெற்றது. இன்று ஒரு தொடரைத் தட்டினால் அது வரும் பதிகங்கள் நொடியில் வந்து நிற்கும்.

ஆயினும் தேடுவதற்கு முதலில் சொல் பிழையின்றி நாவில் நிற்கவேண்டுமன்றோ? மலேசியத் தோட்டங்களில் திருமுறையும் திருப்புகழும் பெரும்பாலும் கேள்வி வழியாகவே வளர்ந்தன. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறியபோது பாடிக்கொடுத்த பெரியவர்களும் திசைக்கொருவராயினர். இப்போது சில இடங்களில் உரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துப் பிள்ளைகள் பாடுகின்றனர். ஆர்வம் போற்றத்தக்கதே. ஆனால் அவ்வெழுத்தில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு பல வேளைகளில் மறைந்துவிடுகிறது. ‘தில்லைவாழ்’ என்பது ‘தில்லைவாள்’ ஆனால், தில்லையில் வாழ்ந்த அந்தணர் கையில் வாளேந்தியவராகிவிடுவர்! ஆரூர்ப் பெருமான் எடுத்துக் கொடுத்த முதற்சொல்லிலேயே இப்பிழை நேரலாமா? சந்தம் விரைந்தோடும் திருப்புகழில் ஆபத்து இன்னும் மிகுதி. சொற்களைப் பிரிக்கும் இடம் ஓரெழுத்துத் தள்ளிப்போனாலும் பொருள் சிதைந்துவிடும். ஆலயந்தோறும் ஒரு நல்ல தமிழ்ப் பதிப்பை வைத்து, விழாவுக்கு முன் நாலைந்து மாலைகளில் பதம் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நிருவாகத்தினர்க்குப் பெருஞ்செலவன்று.

மலாக்கா மண்ணில் மொழியைவிடச் சொல் நெடுநாள் வாழ்ந்ததற்குக் கண்கண்ட சான்றும் உண்டு. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்திற்கு உரியவர்களான மலாக்காச் செட்டிகள் பன்னெடுங்காலமாக மலாய்மொழியே பேசிவருகின்றனர். காஜா பேராங்கில் அம்மனுக்கு எடுக்கும் விழாவுக்குக்கூட அவர்களிடையே ‘டத்தோ சாச்சார்’ என்றுதான் பெயர். ஆனால் தை பிறக்கும் முன்னாளில் முன்னோர்க்குப் படையலிடுகையில் அந்த மலாய்ப் பேச்சின் நடுவே ‘போகி’ என்கிறார்கள். மறுநாள் ‘பொங்கல்’ என்கிறார்கள்.