கிராம விவசாய விவாத சங்கங்களை அமைத்தலும் வளர்த்தலும்

ஒரு குடியானவர் தம் நிலத்தில் கண்டறிந்த நன்மை தீமைகள் அவருடைய வரப்பைத் தாண்டி அடுத்த நிலத்துக்காரரின் காதுக்கு எட்டுவதற்குள் பல போகங்கள் கழிந்துவிடுகின்றன. நஷ்டத்தைச் சொல்ல வெட்கமும், லாபத்தைச் சொல்லத் தயக்கமும் இதற்குக் காரணங்கள். ஆனால் சொன்னால் கேட்போரும், கேட்டதை ஆராய்வோரும் இருக்கும் இடத்தில் ஒரு சிறு செய்தியும் பெரும் பயனைத் தருவதுண்டு. இன்று நெய்வேலி நகரியம் இருக்கும் பிரதேசத்தில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிப்படக் கண்டார். அதை அலட்சியம் செய்யாது அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். பின்னர் ஆராய்ச்சி நடந்தது. 1956-ம் வருஷத்தில் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1961-ல் முதல் நிலக்கரி வெளியே வந்தது. கிணற்றில் கண்டதை ஒருவர் தம்முடனேயே வைத்துக்கொண்டிருந்தால் இவ்விஷயம் எத்தனை காலம் தாமதித்திருக்குமோ தெரியாது.

இவ்வாறு கண்டதைச் சொல்லவும், கேட்டதைச் சோதிக்கவும் கிராமத்தார் முறையாகக் கூடும் சபையே விவாத சங்கம் எனப்படும். இது பிரசங்கக் கூட்டமன்று. பிரசங்கக் கூட்டத்தில் ஒருவர் பேச நூறு பேர் கேட்பார்கள். மறுநாள் அவர் சொன்னதில் பாதி மறந்துபோகும். விவாத சங்கத்தில் இருபது பேர் கூடுவர்; இருபது பேரும் பேசுவர்; ஒரு தீர்மானத்துடன் வீடு திரும்புவர்.

இம்முறை புதிதன்று. கானடா தேசத்தில் 1941-ம் வருஷம் முதல் குடியானவர்கள் வாரம் ஒரு மாலை அண்டை வீட்டில் கூடி, ரேடியோவில் வரும் விவசாயப் பேச்சைக் கேட்டு, அதைப்பற்றித் தமக்குள் வாதித்து, தங்கள் முடிவை எழுதி நிலையத்துக்கு அனுப்பி வந்தார்கள். 'படி, கேள், விவாதி, செய்' என்பது அவர்களுடைய குறிக்கோள் வாசகம். இதைப் பின்பற்றி 1956-ம் வருஷம் பூனா ரேடியோ நிலையத்தார், ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோவின் உதவியோடு, அக்காலத்துப் பம்பாய் ராஜ்யத்தின் ஐந்து ஜில்லாக்களில் ஏறக்குறைய நூற்றைம்பது கிராமங்களில் மன்றங்களை அமைத்தனர். வாரம் இருமுறை அரைமணி நேரப் பேச்சு. பத்து வாரங்களில் மொத்தம் இருபது பேச்சுக்கள். ஒவ்வொரு மன்றத்திலும் இருபது பேர் வரையில் அங்கத்தினர். அவர்களில் ஒருவர் தலைவர், ஒருவர் அமைப்பாளர். மன்றத்தார் எழுப்பிய வினாக்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்து வரும் பேச்சுக்களில் விடை பெற்றன.

இப்பரீட்சையை டாட்டா சமூக விஞ்ஞான ஸ்தாபனத்தின் சார்பில் பால் நியூராத் என்பவர் மதிப்பிட்டார். மன்றம் இருந்த கிராமங்களோடு, ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களையும், ரேடியோவே இல்லாத கிராமங்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் இருந்த இடங்களில் ஜனங்களின் அறிவு வெகுவாக உயர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களில் உயர்வு அற்பமே. இது முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். செய்தி இரண்டு வகைக் கிராமங்களுக்கும் ஒன்றேதான்; கூடிப் பேசியதே வித்தியாசம். சில மன்றத்தார் பேசியதோடு நிற்காமல் கிணறு வெட்டினார்கள். நல்ல ஜாதிக் காளைகளை வாங்கினார்கள்.

எனினும் இதன் பிற்காலச் சரித்திரத்தையும் மறைப்பதற்கில்லை. 1959-ல் இத்திட்டம் தேசமெங்கும் விரிந்தபோது மன்றங்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகிற்று. அவற்றைப் பேணும் ஆட்கள் அவ்வேகத்தில் பெருகவில்லை. பழுதான ரேடியோப் பெட்டிகள் பழுதாகவே கிடந்தன. அனுப்பிய வினாக்களுக்கு விடை வராதபோது கூட்டத்துக்கு வருவோர் குறைந்தனர். ஆரம்ப விழாவுக்குப் பந்தலும் மாலையும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. ஆறாவது மாதக் கூட்டத்துக்கு ஒரு விளக்குக்கூடக் கிடைப்பதில்லை. எண்ணிக்கையைக் காட்டித் திருப்தியடையும் உத்தியோகஸ்தர்கள் இதைச் சிந்திப்பது நலம்.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதற்கு ஒத்ததே. 1966-ம் வருஷத்தில் திருச்சி வானொலி நிலையத்தில் பண்ணை இல்லப் பிரிவு ஏற்பட்டது. அக்காலத்தில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் உண்டான ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலக் குறுவை நெல், வானொலிப் பேச்சுக்களால் தஞ்சை ஜில்லாவில் வெகு சீக்கிரம் பரவிற்று; குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆயினும் பெட்டியின் குரலை மட்டும் நம்பி எவரும் ரகத்தை மாற்றுவதில்லை. அடுத்த வயலில் விதைத்தவரைக் கேட்டு, கதிரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே விதை மாறுகிறது.

சங்கம் அமைக்க விரும்புவோர் முதலில் தொகையைக் கவனிக்க வேண்டும். பதினைந்துக்குக் குறைந்தால் பேச விஷயம் குறையும். இருபத்தைந்துக்கு மிஞ்சினால் வாய் திறவாதவர் பெருகுவர். இந்தோனேஷியாவில் 1989-ல் நெற்பயிர்ப் புகையான் பூச்சியின் பொருட்டு ஆரம்பித்து, நம் நாட்டிலும் நடந்துவரும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் சுமார் இருபத்தைந்து பேரைக் கொண்டே நடைபெறுவதற்கும் காரணம் இதுவே. அங்கத்தினர் யாவரும் பெருநிலக்காரராக இருப்பது தவறு. குத்தகைக்காரரும், ஆடுமாடு வளர்ப்பவரும், களையெடுக்கும் பெண்களும் இல்லாத சபைக்குப் பயிரின் அடிப்பாகத்தில் நடப்பது தெரியாது. இலையின் அடியில் முட்டையை முதலில் காண்பவர் களையெடுப்பவரே. அவர் திண்ணைக்கு வெளியே நின்றால் அந்தச் செய்தியும் வெளியே நின்றுவிடும்.

கூடும் ஸ்தலம் எல்லா ஜாதியாரும் தடையின்றி வந்து சமமாக உட்காரும் பொது இடமாக இருப்பது அவசியம். 1998-ம் வருஷம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியபோதும் இதையே நிபந்தனையாக வைத்தார்கள். தனவந்தர் வீட்டுத் திண்ணை வசதியானதுதான்; ஆனால் அங்கே வீட்டுக்காரரின் அபிப்பிராயத்துக்கு மாறாக யார் பேசுவார்? பள்ளிக்கூடமோ பஞ்சாயத்துக் கட்டடமோ அதைவிட மேலானது. நாளும் நேரமும் மாறக்கூடாது. மாதம் இருமுறை, அமாவாசையும் பௌர்ணமியும் என்று வைத்துக்கொண்டால் அறிவிப்புச் சீட்டே தேவையில்லை.

இனி, எதைப்பற்றிப் பேசுவது என்பதே சங்கத்தின் உயிர்நிலை. 'விவசாய அபிவிருத்தி' என்று விஷயம் வைத்தால் கொட்டாவிதான் வரும். ஒரு கூட்டத்துக்கு ஒரு வினா. அதுவும் அங்கத்தினர் ஒருவருடைய நிலத்திலிருந்து எழுந்த வினாவாக இருக்க வேண்டும். தனித்தனியே செய்தால் பலிக்காமல் சேர்ந்து செய்தால் பலிக்கும் காரியமானால் மிகவும் உத்தமம்.

இதற்கு மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சி தகுந்த உதாரணம். இப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் வரப்போரங்களிலும் மரநிழலிலும் மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சிகள் வெளியேறி, இலைகளின் அடியில் கூட்டங்கூட்டமாக முட்டையிடும். இளம் புழுக்கள் ஓரிடத்தில் சேர்ந்து இலையைச் சுரண்டும். வளர்ந்தபின் படையெடுத்து வயலுக்கு வயல் நகரும். இப்போது ஒரு குடியானவர் மாத்திரம் கோடையுழவு செய்து கூட்டுப்புழுக்களைப் பறவைகளுக்கு இரையாக்கி, இரவில் விளக்குப்பொறி வைத்து, முட்டைக் குவியல்களைப் பொறுக்கி அழித்தாலும், பக்கத்து நிலத்துக்காரர் சும்மாயிருந்தால் அங்கே பிறந்த படை இவருடைய கடலையைத் தின்றுவிடும். பிறகு மருந்துக்கடைக்காரர் சொன்னதைத் தெளிப்பார். கம்பளி முளைத்துப் பெருத்த புழுவுக்கு அது சரிவர ஏறாது. பணம் போகும், பயிரும் போகும். ஊரார் எல்லோரும் ஒரே வாரத்தில் உழுதுவிட்டு, மழை பெய்த முதல் இரவிலிருந்தே ஒரே வேளையில் சொக்கப்பானைகளையும் விளக்குகளையும் வைத்து, வயலைச் சுற்றித் தட்டைப்பயறோ ஆமணக்கோ விதைத்து அதில் சேரும் புழுக்களைத் திரட்டி அழித்து, படை நகரும் பக்கத்தில் ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டினால் செலவும் குறைவு, பலனும் நிச்சயம். எந்த வாரம் உழுவது, விளக்குக்கு எண்ணெய் யார் தருவது, வெளியூரில் வசிக்கும் நிலக்காரரின் தரிசை யார் உழுவது என்பவை கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டிய வினாக்களே. வெளியூர்க்காரரின் தரிசுதான் பெரும்பாலும் சிக்கலுக்கு இடமாகும்; அங்கே கிராம நிர்வாக அலுவலர் தம் பதிவேட்டைக் கொண்டுவந்து விலாசம் தெரிவிப்பது பெரிய உதவியாகும்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தமுள்ள நிலத்தடி நீர் இருப்பதால், சுரங்கம் நடைபெற அந்நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றியாக வேண்டும். அதில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் சென்று பாசனத்துக்கு உதவுகிறது. தங்கள் கிணறுகளில் மட்டம் இறங்கிவிட்டது என்று பலர் முறையிடுகிறார்கள்; 'முன்னே இருந்தது, இப்போது இல்லை' என்பதைத் தவிர எழுத்தில் எதுவும் அவர்களிடம் இராது. சங்கத்தார் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, பௌர்ணமிதோறும் மோட்டாரை நிறுத்தி ஒரு ஜாமம் கழித்துக் கயிறு இறக்கி, தண்ணீர் மட்டத்தை அடிக்கணக்கில் எழுதி வருவார்களாயின், மூன்று வருஷத்தில் எந்தக் காரியாலயத்திலும் மதிக்கப்படும் கணக்கு அவர்கள் கையில் இருக்கும். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உண்மை தெரிவது குடியானவருக்கு அனுகூலமே.

நிலம் எடுப்பைப்பற்றிய பேச்சும் இக்கிராமங்களில் எழாமல் இராது. 2023-ம் வருஷம் ஜூலை மாதம் வளையமாதேவிக்கருகில் கால்வாய் வேலைக்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது உண்டான மனத்தாங்கல் யாவரும் அறிந்தது. சங்கத்தில் இப்பேச்சே கூடாது என்று தடுப்பது விவேகமன்று. தடுத்தால் ஜனங்கள் சங்கத்தை விட்டு டீக்கடைக்குப் போவார்கள். பயிர்ப் பேச்சு நாளில் இதைக் கலக்காமல், தனி மாலை ஒன்று ஒதுக்கி, பட்டா, அடங்கல், சர்வே நெம்பர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் செய்வதே தக்க வழி. கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்பது காகிதத்தைப் பார்த்தால் விளங்கும்.

தலைவரைக் காட்டிலும் காரியதரிசியே முக்கியமானவர். ஊரில் செல்வாக்குள்ளவரைத் தலைவராக்குவது வழக்கம். அவர் பேச்சைக் குறைத்துப் பிறரைப் பேசச் சொல்பவராயிருந்தால் பாதகமில்லை. காரியதரிசியோ பொறுமையும் எழுத்துப் பழக்கமும் உள்ளவராக இருக்க வேண்டும். மூலையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைச் சொல்லி, 'உங்கள் கொல்லையில் எப்படி ஐயா?' என்று கேட்பது அவருடைய வேலை. இருவருக்குள் வரப்புத் தகராறு இருந்தால் அதைக் கூட்டத்துக்குள் விடாமல் வாசலில் நிறுத்துவதும் அவருடைய வேலையே. உத்தியோகஸ்தர்கள் விருந்தினராக வந்து, கேட்டால் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குள் விடையைக் கொண்டுவர வேண்டும். விடையின்றிப் போன வினா இரண்டு சேர்ந்தால் மூன்றாவது வினா பிறக்காது.

விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் இருப்பது இப்பகுதியாருக்கு வாய்த்த பாக்கியம். 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயலில் இந்த ஜில்லாவின் முந்திரித் தோப்புக்களும் பலாமரங்களும் சாய்ந்துபோன பிறகு, மறுபடி என்ன நடுவது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. கொட்டையிட்டு முளைத்த கன்றில் தாய்மரத்தின் குணம் நிலைப்பதில்லை, வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகத்தின் ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே காய்ப்புக்கு வரும், மரங்களும் ஒரே சீராயிருக்கும். எனினும் ஒட்டுக்கன்று என்று விற்கப்படுபவை எல்லாம் ஒட்டுக்கன்று ஆகா. சங்கத்தார் சேர்ந்து ஒரே தடவையில் நேரே நிலையத்திலிருந்தோ நம்பிக்கையுள்ள நாற்றுப்பண்ணையிலிருந்தோ வாங்கினால் ஏமாற்றமும் வண்டிச்சத்தமும் குறையும்.

பணத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. 2017-18-ல் தமிழ்நாடு சர்க்கார் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களையும், அவை ஐந்து சேர்ந்த நூறு பேர் உற்பத்தியாளர் குழுக்களையும் அமைத்து, நூறு பேர் குழு ஒன்றுக்கு ஐந்து லட்ச ரூபாய் மூலநிதி வழங்கினார்கள். முன்பே பேசிப் பழகியிருந்த குழு அத்தொகையைக் கொண்டு இயந்திரம் வாங்கி வாடகைக்கு விட்டுப் பெருக்கிக்கொள்ளும். தொகைக்காகவே கூடிய குழு தொகை தீர்ந்த அன்று கலைந்துவிடும். ஆகையால் ஒரு வருஷமாவது காசின்றிக் கூடிப் பழகிய பிறகே இயந்திரத்தைப்பற்றி யோசிப்பது உசிதம்.

சங்கம் வளர்ந்து முப்பது பேர் வரத் தொடங்கினால் இரண்டாகப் பிரிப்பதற்குத் தயங்க வேண்டாம். பழைய சங்கத்தில் நன்கு பழகிய இருவரைப் புதியதற்குக் கொடுத்து, வருஷம் ஒருமுறை அறுவடைக்குப் பின் இரண்டும் சேர்ந்து ஒரு நாள் வயல்களைச் சுற்றிப் பார்க்கலாம். சந்தா மாதம் பத்து ரூபாய்க்கு மேல் வேண்டியதில்லை. விளக்கு, நோட்டுப் புஸ்தகம், தபால் செலவு இவற்றுக்கு அது போதும்.

அந்த நோட்டுப் புஸ்தகத்தில் தேதி, வந்தவர் பெயர், கேட்ட வினா, கேட்டவர், கிடைத்த விடை, விடை தந்தவர், செய்வதாக ஏற்றுக்கொண்டவர், செய்தபின் கண்ட பலன் என எட்டுப் பத்திகள் இருக்கட்டும். கடைசிப் பத்தி அடுத்த போகம் வரையில் காலியாகவே இருக்கும்; ஒவ்வொரு கூட்டத்தின் ஆரம்பத்திலும் முதலில் வாசிக்க வேண்டியது காலியாக உள்ள அந்த இடங்களையே. மானாவாரிக் கடலை விதைக்கும் கிராமத்தார் சித்திரை மாதத்திலேயே முதல் கூட்டத்தைக் கூட்டினால் கோடையுழவுக்கு நாள் குறிக்க அவகாசம் இருக்கும். அங்கத்தினர் ஜாபிதாவையும் கூடும் நாளையும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுத்தால், உதவி வேளாண்மை அலுவலர் அந்நாளைத் தம் சுற்றுப்பிரயாணத்தில் சேர்த்துக்கொள்ள வசதியாயிருக்கும்.