எழுதும் கைக்கு இசைந்த எடிட்டர்

எழுதுகிறவனுக்கு வேண்டிய சௌகரியங்கள் எவை என்று கேட்டால், அமைதியான அறை, வெளிச்சமுள்ள ஜன்னல், முதுகுக்கு இதமான நாற்காலி என்று பலரும் பலவிதமாகச் சொல்லக்கூடும். ஆனால் எழுத்து வேலை காகிதத்தை விட்டுக் கணிப்பொறியின் திரைக்குக் குடிபெயர்ந்த பிறகு, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு புதிய தேவை எழுந்துவிட்டது. விசை ஒன்றை அழுத்தினால் என்ன விளையும் என்று எழுதுகிறவன் ஒரு கணமும் யோசிக்க வேண்டியிராத நிலையே அது. இதனை அளிக்கும் எடிட்டரே நல்ல எடிட்டர் என்பது என் திடமான அபிப்பிராயம். எழுத்துருவின் அழகும் திரையின் வர்ணமும் அதற்கு அடுத்த ஸ்தானத்தில் நிற்பவை.

இந்த நிலை எளிதில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனம் நிறுவிய பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், 1974-ஆம் ஆண்டில், பட்லர் லாம்ப்ஸன், சார்லஸ் சிமோனி என்னும் இருவர் 'பிராவோ' என்றோர் எடிட்டரை உருவாக்கினார்கள். எழுத்துகளை அச்சில் எப்படித் தோன்றுமோ அப்படியே திரையிலும் காட்டிய அந்த மென்பொருள் அக்காலத்தில் ஓர் அற்புதமாகவே இருந்தது. ஆயினும் அதற்கு ஒரு குணம் உண்டு: விசைப்பலகையின் எழுத்துகள் சில சமயம் எழுத்துகளாகவும், சில சமயம் கட்டளைகளாகவும் அதில் பொருள்பட்டன. 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் எழுத்தைச் சேர்க்கும் நிலை தொடங்கும். அந்த நிலையில் அழுத்துவதெல்லாம் பிரதியில் சேரும். அதிலிருந்து வெளிவர வேறொரு விசையை அழுத்த வேண்டும். தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டெழுதினால் நேரக்கூடிய விபரீதம் கணிப்பொறியாளரிடையே வெகு பிரசித்தம். முதலெழுத்து பிரதி முழுவதையும் தேர்ந்துகொள்ளும்; இரண்டாம் எழுத்து அதனை அழித்துவிடும்; மூன்றாவது, எழுத்தைச் சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோகும்; நான்காவதாகிய 'டி' மட்டும் வெறுந்திரையில் தன்னந்தனியாக நிற்கும். இது எழுதுகிறவனின் கவனக்குறைவு அன்று. சிந்தனை சொல்லிலும் பொருளிலும் தோய்ந்திருக்கும் வேளையில், யந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கச் சொல்வது நியாயமே அல்ல.

இதை உணர்ந்து, வாழ்நாள் முழுவதும் அதற்காக வாதாடியவர் லாரி டெஸ்லர். அதே ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், கணிப்பொறி பழகியிராத ஓர் அலுவலகப் பெண்ணை வெற்றுத் திரையின் முன் அமர்த்தி, திருத்தக் குறிகள் இட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தத் திருத்தங்களைத் திரையில் செய்வதானால் எப்படிச் செய்வாய் என்று கேட்டறிந்தார். திருத்த வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு அங்கேயே எழுதத் தொடங்குவதைத்தான் அந்தப் பெண்மணி இயல்பாகக் கருதினார். பிறகு டெஸ்லரும் டிம் மாட் என்பவரும் சேர்ந்து, ஜெராக்ஸுக்கு உரிமையான 'ஜின்' என்னும் பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காக 'ஜிப்ஸி' என்ற எடிட்டரை 1975-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார்கள். பதிப்பாசிரியர்கள் அந்நாளில் பிரதியைக் கத்தரிக்கோலால் துண்டித்து, வேறிடத்தில் பசை தடவி ஒட்டி வந்தவர்கள். அந்தப் பழக்கத்தையே திரைக்குக் கொண்டுவந்ததன் பலன்தான், இன்று உலகமெங்கும் கைவிரல்கள் தாமாகவே செய்கிற 'கட்', 'பேஸ்ட்' என்னும் இரு செயல்கள்.

ஜிப்ஸியில் எழுத்து விசை எப்போதும் எழுத்தையே தந்தது. சேர்க்கும் நிலை, கட்டளை நிலை என்ற பேதம் ஒழிந்தது. மவுஸால் சொற்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுதினால், பழைய சொற்கள் விலகிப் புதியவை அவற்றின் இடத்தில் அமர்ந்தன. இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. எழுத்தின் மீதே அமரும் கர்சரைப் பார்க்கிறவனுக்கு, அடுத்த எழுத்து அதற்கு முன்னே விழுமா பின்னே விழுமா என்ற சந்தேகம் தோன்றும். கர்சர் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நின்றால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஜின் பதிப்பகத்தார் சில மணி நேரத்திலேயே இந்த எடிட்டரைப் பழகிக்கொண்டார்கள். டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து லிஸா என்ற கணிப்பொறியின் ஆக்கத்தில் பங்குகொண்டார். தம் மோட்டார் வண்டியின் எண்பலகையில் 'நோ மோட்ஸ்' என்றே பொறித்துக்கொள்ளும் அளவுக்கு இக்கொள்கையில் உறுதி பூண்டிருந்த அவர், 2020-ஆம் ஆண்டில் காலமானார்.

யோசிக்கத் தேவையின்மைக்கு இணையாக எழுதுகிறவனுக்கு வேண்டியது பயமின்மை. அதனை அளிப்பது செய்ததை மீட்கும் வசதியாகிய 'அன்டூ'. இதற்கு உதவும் உள்ளமைப்பு ஒன்று பிராவோவிலேயே இருந்தது. சிமோனி பின்னாளில் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றபோது அது வேர்ட் மென்பொருளுக்கும் சென்றது. அந்த முறையில், முதலில் இருந்த பிரதி தொடப்படுவதே இல்லை. புதிதாக எழுதுவதெல்லாம் வேறோர் இடத்தில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போக, இந்தத் துண்டில் இவ்வளவு, அந்தத் துண்டில் அவ்வளவு என்று எடுத்துக் கோக்கும் அட்டவணை ஒன்று மட்டுமே மாறுகிறது. நாம் ஒரு பத்தியை நீக்கும்போது பத்தி அழிவதில்லை. அட்டவணையில் அதன் குறிப்பு மட்டும் விலகுகிறது. ஆகையால் பழைய அட்டவணையைத் திருப்பி வைத்தவுடன் பத்தி மீண்டுவிடுகிறது. துணிந்து வெட்டுகிறவனே நன்றாக எழுதுகிறான் என்பதால், இந்த அமைப்பை எழுத்துக் கலைக்குக் கிடைத்த பெரும் உபகாரமாகவே நான் மதிக்கிறேன்.

தமிழில் எழுதுகிறவனுக்கோ இன்னும் ஓர் அடுக்குச் சிரமம் இருக்கிறது. நம் கண்ணுக்கு 'கொ' என்பது ஓரெழுத்து. யூனிகோடிலோ அது ககரம் ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டு குறியீடுகள். திரையில் ககரத்தின் இருபுறமும் தோன்றுகிற அந்த உயிர்க்குறிக்கு இடையில் கர்சர் நுழையாமல், எழுத்து முழுவதையும் ஒரே தாவலில் கடக்குமாறு செய்வது எடிட்டரின் கடமை. தட்டெழுதும் முறையிலும் இவ்வித அக்கறை வேண்டும். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, உயிர்களை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்தளித்தது. அ, இ, உ என்பவையும் க, ப, ம, த என்பவையும் விரல்கள் இயல்பாகப் படியும் நடு வரிசையில் அமைந்தன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆகவே அ, ம, ம, ஆ என்ற நான்கே அழுத்தங்களில் 'அம்மா' என்ற சொல் முடிந்துவிடும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்விதமே புள்ளி அமைகிறது. தமிழின் இயல்பை அறிந்தவர்களால்தான் இப்படியொரு பலகையை வகுக்க முடியும். 2013 முதல் ஐபோனிலும் இது கிடைக்கிறது.

பேக்ஸ்பேஸ் விசை மட்டும் எனக்குப் பூரண திருப்தி அளிக்கவில்லை. பல எடிட்டர்களில் அது எழுத்தை அழிக்காமல் கடைசிக் குறியீட்டை மட்டுமே அழிக்கிறது. 'கி' என்று விழுந்துவிட்டதைக் 'கீ' ஆக்கும்போது இது மிகவும் உபகாரமானது. உயிர்க்குறி மட்டும் போய்க் ககரம் எஞ்சுவதால் மறுபடி அதை அழுத்த வேண்டுவதில்லை. ஆனால் 'க்ஷ' என்ற எழுத்தில், ஷகரம் நீங்கிப் புள்ளி வைத்த ககரம் நின்றுவிட, எழுதுகிறவன் தான் தட்டாத ஒன்று திரையில் முளைத்ததுபோல் ஒரு கணம் திகைக்கிறான். பேக்ஸ்பேஸ் உயிர்க்குறியை மட்டும் நீக்கட்டும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் ஒரே அழுத்தத்தில் முழுமையாக நீக்கட்டும்.